விற்பனைத் தொழிலுக்கு உரியவர் யார்?

கல்லூரிகளின் விழா மலர்களிலே கல்வி, சமயம், விளையாட்டு, மறைந்த ஆசிரியப் பெருந்தகைகளின் நினைவு ஆகியன இடம்பெறுதல் வழக்கம். அவற்றின் நடுவே விற்பனைத் தொழிலுக்கு ஆட்களைத் தெரிந்தெடுக்கும் முறைபற்றி ஒரு கட்டுரை வருவது வாசகர் சிலருக்கு வியப்பைத் தரலாம். ஆயினும் இவ்விடயம் எமது கல்லூரியோடு நெருங்கிய தொடர்புடையது. எம் பழைய மாணவருட் பலர் இன்று கம்பனிகளிலும் வங்கிகளிலும் வர்த்தக நிலையங்களிலும் ஆட்களைத் தெரியும் பொறுப்பில் அமர்ந்திருக்கின்றனர். உயர்தர வகுப்பை முடித்து ஆண்டுதோறும் வெளியேறும் மாணவருட் பலர் விண்ணப்பதாரிகளாக அவர்முன் சென்று நிற்கின்றனர். மேசையின் இருபுறத்தும் எம்மவரே இருக்கும்பொழுது, அங்கு நடைபெறும் தெரிவு நீதியானதா, அறிவுக்கு ஒத்ததா என ஆராய்தல் எமது கடமையன்றோ?

“கோழி மேய்த்தாலும் கோறணமேந்தில் மேய்க்கவேண்டும்” என்பது எம் முன்னோர் காலத்து யாழ்ப்பாணத்திலே வழங்கிய பேச்சு. எழுதுவினைஞர் பரீட்சையிற் சித்தியெய்துவதே பிறவிப் பயன் எனக் கருதப்பட்ட அந்நாளில், பொருள் விற்பவனைச் சற்றுத் தாழ்வாக நோக்கும் மனப்பான்மையும் எம்மிடையே இருந்தது. அக்காலம் மாறிவிட்டது. 2009ஆம் ஆண்டிற் போர் முடிவுற்றபின் வங்கிகளும், காப்புறுதிக் கம்பனிகளும், வாகனங்களுக்குக் குத்தகைக் கடன் வழங்கும் நிதி நிறுவனங்களும், தொலைபேசிச் சேவை நிறுவனங்களும் வடக்கிலும் கிழக்கிலும் புதிய கிளைகளைத் திறந்தன. அவற்றுக்கெல்லாம் விற்பனைக்கு ஆட்கள் வேண்டியிருந்தனர். பல்கலைக்கழகத்தில் இடம் கிடையாத இளைஞன் ஒருவனுக்கு முதலிற் கிட்டும் உத்தியோகம் இன்று பெரும்பாலும் விற்பனை உத்தியோகமே.

ஆனால், அவ்வுத்தியோகத்தை ஏற்போருள் எத்தனை பேர் அதில் நிலைக்கின்றனர்? ஆறு மாதம் செல்லுமுன் விலகுவோரையும் விலக்கப்படுவோரையும் நாம் நாள்தோறும் காண்கின்றோம். கம்பனிக்கு அதனால் நேர்வது பண நட்டம். அடுத்த மாதமே வேறொருவரை அமர்த்தி அது தன் வழியே சென்றுவிடும். இருபது வயது இளைஞனுக்கு நேரும் நட்டமோ வேறு வகையினது. “நான் எதற்கும் உதவாதவன்” என்ற எண்ணத்தோடு அவன் வீடு திரும்புகின்றான். உண்மையில் அவன் உதவாதவனல்லன்; அவனைத் தெரிந்த முறையே உதவாதது. இதுவே யான் இங்கு வற்புறுத்த விரும்புவது.

பழைய முறையைச் சிறிது நோக்குவோம். தென்னிலங்கையின் பட்டினங்கள் பலவற்றிலே யாழ்ப்பாணத்தவர் சுருட்டுக் கடைகள் வைத்து வாணிகம் செய்த காலம் ஒன்றிருந்தது. ஊரிலிருந்து ஒரு சிறுவனை முதலாளி அழைத்துச் செல்வார். அவன் முதலிற் கடை கூட்டுவான், தண்ணீர் அள்ளுவான், பின்னர் கட்டுக்களை எண்ணி அடுக்குவான். சிங்களம் அவன் நாவிலே தானாகப் படியும். சில ஆண்டுகள் சென்றபின்னரே அவன் பணப்பெட்டியின் அருகில் அமர அனுமதிக்கப்படுவான். அதற்குள் அவன் பொறுமை, கணக்கு, கைச்சுத்தம் மூன்றையும் முதலாளி தம் கண்ணாலேயே கண்டறிந்திருப்பார். இம்முறையில் ஒரு பெருங் குறையும் இருந்தது. உறவினன், ஊரவன், தன் சாதியினன் என்ற வட்டத்துக்கு வெளியே முதலாளியின் பார்வை செல்லவில்லை. ஆகவே அதனை முழுவதும் போற்றுதற்கில்லை. எனினும், வேலையிலே வைத்துப் பார்த்து ஆளை அறிதல் என்னும் நற்பண்பு அதன்கண் இருந்தது.

இன்றோ நாம் அந்நற்பண்பைக் கைவிட்டுக் குறையை மாத்திரம் வேறு வடிவிற் காப்பாற்றி வருகின்றோம். உறவுமுறைக்குப் பதிலாகச் சிபார்சுக் கடிதம் வந்துள்ளது. பல ஆண்டுக் கண்காணிப்புக்குப் பதிலாகப் பதினைந்து நிமிட நேர்முகப் பரீட்சை வந்துள்ளது.

கொழும்பிலும் பிற இடங்களிலும் நேர்முகப் பரீட்சைச் சபைகளில் நெடுங்காலம் அமர்ந்த அனுபவத்தைக் கொண்டு சொல்வதாயின், அங்கு நடப்பது இதுதான். விண்ணப்பதாரி உள்ளே வருகின்றான். “உம்மைப்பற்றிச் சொல்லும்” என்கிறார் ஒருவர். அவன் மடமடவென்று, பெரும்பாலும் ஆங்கிலத்திலே, பேசுகின்றான். எந்தக் கல்லூரி எனக் கேட்கின்றார் மற்றொருவர். தம் கல்லூரியே எனக் கண்டதும் அவர் முகம் மலர்கின்றது. பழைய கிரிக்கெட் போட்டி ஒன்றைப்பற்றிச் சில நிமிடம் பேச்சு நடக்கின்றது. “நல்ல பெடியன், கெட்டிக்காரன்” என்று முடிவாகின்றது. அடுத்து வருபவன் கிராமத்துப் பாடசாலையிற் கற்றவன், கேட்டதற்கு மட்டும் விடை சொல்கின்றான், ஆங்கிலத்திலே தடுமாறுகின்றான். “இவன் விற்பனைக்குச் சரிவரான்” என்று அவன் கதவைக் கடக்குமுன்பே தீர்ப்பாகிவிடுகின்றது. ஆனால் அவன் செல்லவேண்டிய கடைகளோ கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் உள்ளவை. அங்கே ஆங்கிலத்தில் வியாபாரம் பேசுவார் எவருமிலர். முந்தியவன் அறையிலே தன்னை ஒருமுறை நன்றாக விற்றுவிட்டான் என்பது உண்மை. சோப்பையும் மாவையும் மருந்தையும் ஆண்டு முழுவதும் விற்பானா என்பதற்கு அது சான்றாகாது.

இவ்வாறு யாம் கூறுவது வெறும் மனப்போக்கன்று. விற்பனையாளரைத் தெரியும் முறைபற்றிய ஆராய்ச்சி ஒரு நூற்றாண்டுக்கு மேற்பட்டது. ஐக்கிய அமெரிக்க உளநூலறிஞரான வோல்டர் டில் ஸ்கொட் 1915ஆம் ஆண்டில் ஒரு பரிசோதனையை வெளியிட்டார். விற்பனை வேலையை நாடிய 36 பேரை, ஆறு முகாமையாளர் தனித்தனியே நேர்முகங் கண்டு வரிசைப்படுத்தினர். அவ்வரிசைகளை ஒப்பிட்டபொழுது, விண்ணப்பதாரிகளுட் பெரும்பாலார் விடயத்தில், அவர் மேற்பாதியிற் சேர்க்கப்படவேண்டியவரா கீழ்ப்பாதியிற் சேர்க்கப்படவேண்டியவரா என்பதிலேகூட அறுவரிடையே ஒருமைப்பாடு காணப்படவில்லை. அனுபவம் மிக்க ஆறு கண்கள் ஒரே ஆளை ஆறு விதமாகக் கண்டனவெனின், அங்கு அளக்கப்பட்டது ஆளன்று. அளப்பவரின் விருப்பு வெறுப்பே.

அண்மைக் காலத்திலே, 2022ஆம் ஆண்டில், போல் சக்கெட் என்பவரும் அவருடைய தோழரும் பற்பல தொழில்களுக்குரிய தெரிவுமுறைகளைப்பற்றி அதுவரை நடைபெற்ற ஆய்வுகளை ஒருங்கே மீளக் கணித்தனர். ஒரு முறையின் தீர்ப்பும் பின்னர் வேலையிற் காணப்பட்ட திறமையும் முழுதும் பொருந்துவதை 1 எனவும், சிறிதும் பொருந்தாமையை 0 எனவும் கொண்டால், ஒழுங்கற்ற நேர்முகப் பரீட்சை ஏறக்குறைய 0.19 பெறுகின்றது. முன்கூட்டியே வகுத்த வினாக்களை எல்லாரிடமும் ஒரேவிதமாகக் கேட்டுப் புள்ளியிடும் நேர்முகப் பரீட்சை 0.42 பெறுகின்றது. வேலையின் ஒரு பகுதியைச் செய்துகாட்டச் சொல்லும் பரீட்சை 0.33 பெறுகின்றது. விளம்பரங்களிலே நாம் தவறாது கேட்கும் “இத்தனை ஆண்டு அனுபவம்” என்பதோ 0.07 மாத்திரமே. ஐந்தாண்டு அனுபவம் உடையவரே விண்ணப்பிக்கலாம் என்று எழுதி, பாடசாலையை விட்டு நீங்கும் திறமைசாலிகளை வாயிலிலேயே தடுத்துவிடும் எம் முகாமையாளர் இவ்வெண்ணைச் சிந்தித்தல் நன்று.

“விற்பனையாளனுக்கு நாவன்மைதானே கருவி? நன்றாகப் பேசுபவனைத் தெரிவதில் என்ன பிழை?” என வினாவுவார் உளர். இவ்வினா புறக்கணிக்கத்தக்கதன்று. பேசவே கூசுபவன் இத்தொழிலில் துன்புறுவான் என்பது மெய். ஆனால் பேச்சு மிகுந்தோறும் விற்பனை மிகும் என்பது மெய்யன்று. அடம் கிராண்ட் என்னும் பேராசிரியர் தொலைபேசி வாயிலாக விற்பனை செய்யும் 340 பேரை ஆராய்ந்து 2013இல் வெளியிட்ட முடிவின்படி, மிகுதியாக வருவாய் ஈட்டியவர் கலகலப்பிலே முதலிடம் பெற்றவருமல்லர்; முற்றும் ஒதுங்கிய இயல்பினருமல்லர்; இரண்டிற்கும் இடைப்பட்டவரே. காரணம் வெளிப்படை. வாங்குவோன் தன் தேவையைச் சொல்லும்பொழுது வாய்மூடிக் கேட்கவும், அவன் சொல்லி முடித்தபின் தெளிவாகப் பேசவும் வல்லவனே விற்கின்றான். அன்றியும், பத்துக் கடைகள் ஏறினால் ஏழில் “இன்று வேண்டாம்” என்ற விடையே கிடைக்கும் தொழில் இது. எட்டாவது கடையில் எந்த முகத்தோடு ஏறுகின்றான் என்பதே அவன் தகுதியை உரைக்கும் கல். ஆயுட் காப்புறுதி முகவரை ஆராய்ந்து மாட்டின் செலிக்மன் முதலியோர் 1986இல் வெளியிட்ட முடிவும் இதற்கு அரண் செய்கின்றது. தோல்வியைத் தற்காலிகமானதாகக் கொள்ளும் இயல்பினர், அதனைத் தம் விதியெனக் கொள்வோரிலும் முதலிரண்டு ஆண்டுகளில் நூற்றுக்கு 37 வீதம் மிகுதியாக விற்றனர்.

இனி, செய்யத்தக்கவை யாவை என்பதை ஒருவாறு வகுத்துக் கூறுவாம்.

முதலாவது, எவ்வகை விற்பனைக்கு ஆள் வேண்டும் என்பதைத் தெரிவோர் தம்முள்ளே தெளிதல் வேண்டும். புடவைக்கடையிலே வருவோரை வரவேற்று விற்பது ஒன்று. வாகனத்தில் ஊரூராகச் சென்று சில்லறைக் கடைகளில் ஓடர் எடுப்பது வேறொன்று. வைத்தியரைச் சந்தித்து மருந்தின் குணத்தை விளக்குவது மற்றொன்று. அறிமுகமில்லாத ஒருவரிடம் ஆயுட் காப்புறுதியைப்பற்றிப் பேசுவது பின்னுமொன்று. முதலாவதற்கு இன்முகமும், இரண்டாவதற்கு உடலுரமும் கணக்கும், மூன்றாவதற்குப் படிப்பும், நான்காவதற்குத் தளராமையும் தலையாய தகுதிகள். நான்கிற்கும் “சுறுசுறுப்பான இளைஞர் தேவை” என ஒரே விளம்பரம் செய்தல் பேதைமை. சொந்த மோட்டார் சைக்கிள் உள்ள ஆண்களே விண்ணப்பிக்கலாம் என்று எழுதுவோரும், அவ்வேலைக்கு அந்நிபந்தனை உண்மையிலே வேண்டியதா என ஒருமுறை ஆலோசித்தல் வேண்டும். தகுதி வாய்ந்த பெண்கள் பலர் அதனாற் காரணமின்றி விலக்கப்படுகின்றனர்.

இரண்டாவது, வினாக்கள் முன்னரே எழுதப்படல் வேண்டும். அனைவரிடமும் அவையே கேட்கப்படல் வேண்டும். “கஷ்டமான வாடிக்கையாளரை எவ்வாறு சமாளிப்பீர்?” என்று கேட்டால் ஒவ்வொருவனும் அழகான கற்பனை ஒன்றைச் சொல்வான். “நீர் கேட்டதற்கு ஒருவர் மறுத்த பின்னும் மீண்டும் சென்று காரியம் முடித்த சந்தர்ப்பம் ஒன்றைச் சொல்லும், முதலில் என்ன செய்தீர், பின்னர் எதை மாற்றினீர்?” என்று கேட்டால் நடந்ததைச் சொல்லவேண்டி வரும். சபையினர் ஒவ்வொருவரும் தம்முட் கலந்து பேசுமுன் தனித்தனியே புள்ளியிடல் வேண்டும். இல்லையேல், தலைவர் முகக்குறிப்பே எல்லார் புள்ளியுமாகிவிடும். கல்லூரியின் பெயரைப் புள்ளியிட்டபின் கேட்டுக்கொள்ளலாம்; கிரிக்கெட்டைத் தேநீரோடு பேசலாம்.

மூன்றாவது, வேலையைச் செய்வித்துப் பார்த்தல் வேண்டும். பொருளொன்றையும் அதன் விவரத் தாளையும் கொடுத்து இருபது நிமிடம் படிக்க விடுங்கள். பின்னர் சபையினருள் ஒருவர் கடைக்காரராக அமர்ந்து, “போன முறை தந்த சரக்கே இன்னும் கிடக்கிறது தம்பி” என்று சொல்லட்டும். உடனே தன் பொருளின் பெருமையைப் பாடத் தொடங்குகின்றானா, அன்றி “எது ஐயா விலைப்படவில்லை, எவ்வளவு கிடக்கிறது?” என்று கேட்கின்றானா என்பதை நோக்குங்கள். அவ்வொரு வினாவிலே பாதித் தகுதி தெரிந்துவிடும். சிறு கணக்கொன்றும் கொடுக்கலாம். பன்னிரண்டு வாங்கினால் ஒன்று இலவசம் என்பதும், நூற்றுக்கு 8 வீதக் கழிவு என்பதும் முன்வைக்கப்பட்டால் கடைக்காரருக்கு எது இலாபம்? பதின்மூன்றில் ஒன்று இலவசமாவது ஏறக்குறைய 7.7 வீதக் கழிவே. ஆகவே, சற்றே யாயினும், 8 வீதமே மேல். இதனைத் தாளில் எழுதியாவது கண்டு சொல்பவன் கடைக்காரரிடம் ஏமாறான், ஏமாற்றவும் வேண்டியிராது. வாய்ப்பிருப்பின், பழகிய விற்பனையாளர் ஒருவரோடு ஒரு முழுநாள் அனுப்பிப் பார்த்தல் எல்லாவற்றிலும் சிறந்தது. வெயிலும் தூரமும் மறுப்பும் எத்தகையன என்பதை விண்ணப்பதாரியும் அன்றே அறிந்துகொள்வான். அந்நாளுக்குரிய படியை அவனுக்குக் கொடுத்துவிடல் முறை.

நான்காவது, நேர்மை. இதனைக் கடைசியிற் கூறுவது இதன் சிறுமை கருதியன்று. விற்பவன் பொய் சொன்னால் அதன் பயனை அனுபவிப்பவன் வாங்கியவனே. போருக்குப்பின் எம் கிராமங்களிலே நுண்கடன் எவ்வாறு வீடுவீடாகக் கொண்டுசெல்லப்பட்டது என்பதை நாம் அறிவோம். திருப்பிக் கொடுக்க இயலுமா என ஆராயாது கொடுக்கப்பட்ட கடன்களாற் பல குடும்பங்கள் நிலைகுலைந்தன. 2018ஆம் ஆண்டில், வறட்சியாற் பாதிக்கப்பட்ட மாவட்டங்களிலே பெண்கள் பெற்ற ஓர் இலட்சம் ரூபாவிற்கு உட்பட்ட நுண்கடன்களுக்கு அரசாங்கமே நிவாரணம் வழங்க முன்வரவேண்டியதாயிற்று. அக்கடன்களைக் கொண்டுசென்று கையொப்பம் வாங்கியவர் யாவர்? எம் கல்லூரிகள் போன்றவற்றிற் கற்ற இளைஞரே பலர். அவர் தீயோரல்லர், மாத இலக்கை எட்டவேண்டியவராயிருந்தனர்.

இங்கே தெரிவோரின் நேர்மையும் பரீட்சைக்கு உள்ளாகின்றது. ஐக்கிய அமெரிக்காவின் வெல்ஸ் பார்கோ வங்கியிலே, விற்பனை இலக்குகளை எட்டும்பொருட்டு வாடிக்கையாளரின் சம்மதமின்றி இலட்சக்கணக்கான கணக்குகள் திறக்கப்பட்டிருந்தமை 2016ஆம் ஆண்டில் வெளியாயிற்று. வங்கிக்கு 18.5 கோடி டொலர் தண்டம் விதிக்கப்பட்டது. அதன் பொருட்டுச் சில ஆண்டுகளில் ஏறக்குறைய 5,300 ஊழியர் வேலை நீக்கப்பட்டிருந்தனர். ஐயாயிரத்து முந்நூறு பேரும் பிறவிக் கள்வராயிருத்தல் கூடுமோ? நேர்மையானவனைத் தேடி எடுத்து, நேர்மையானவன் எட்டமுடியாத இலக்கை அவனுக்கு விதிப்போமாயின், ஒன்றில் அவன் விலகுவான், அன்றேல் மாறுவான். மாத முடிவிலே கடைகளில் வேண்டாத சரக்கைத் திணித்து, அடுத்த மாதம் திருப்பி எடுக்கும் வழக்கமும் இவ்வகையினதே. ஆதலின் அடிப்படைச் சம்பளம் ஒருவன் உயிர்வாழப் போதியதாயிருத்தல் வேண்டும். கொமிஷன் அதன்மேற் கிடைக்கும் ஊக்கமாயிருத்தல் வேண்டும். தகுதிகாண் காலத்திலும் விற்ற தொகையை மாத்திரம் நோக்காது, திரும்பி வந்த சரக்கு, வசூலாகாத கடன், மீண்டும் அழைக்கும் வாடிக்கையாளர் ஆகியவற்றையும் சேர்த்து நோக்குதல் வேண்டும்.

திருவள்ளுவர் பொருட்பாலிலே தெரிந்துதெளிதல், தெரிந்துவினையாடல் என இரண்டு அதிகாரங்களை அடுத்தடுத்து வைத்திருத்தல் கருதத்தக்கது. ஆளை ஆராய்ந்து தெளிதல் ஒன்று. தெளிந்தவனை அவனுக்கேற்ற வினையில் நிறுத்தி, அவன்பால் நம்பிக்கை வைத்தல் மற்றொன்று. நாம் முதலாவதைப் பதினைந்து நிமிடத்தில் முடித்து, இரண்டாவதை அறவே மறந்துவிடுகின்றோம்.

இனிச் சிபார்சுக் கடிதங்களைப்பற்றி ஒரு வார்த்தை. பழைய மாணவன் ஒருவனுக்குப் பழைய மாணவர் உதவுதல் இயல்பே. அதனைக் குறைகூற எவருமிலர். ஆனால் “இவன் எமது கல்லூரி மாணவன், நற்குடிப் பிறந்தவன், சுறுசுறுப்பானவன்” என்று எல்லாருக்கும் ஒரே வாசகத்தில் எழுதப்படும் கடிதம் எவருக்கும் உதவாது. “கல்லூரிக் கண்காட்சியில் நுழைவுச் சீட்டுப் பணம் முழுவதையும் இவனிடம் ஒப்படைத்தோம், கணக்குச் சதம் பிசகாமல் வந்தது” என்று அறிந்ததை எழுதுக. அறியாததை எழுதாது விடுக. எம் கல்லூரியின் பெயரை ஒருவனுக்குக் கடனாகக் கொடுக்கின்றோம் என்பதை மறத்தலாகாது; அவன் பொய்த்தால், பின்னர் வரும் உண்மையான மாணவனின் கடிதமும் மதிப்பிழக்கும். மேசையின் மறுபுறம் இருக்கும் எம் நண்பர் செய்யத்தக்க உதவி, எம் மாணவனைப் பரீட்சையின்றி உள்ளே எடுப்பதன்று. பரீட்சைக்கு வர அவனுக்கு இடமளிப்பதே. அவ்விடம் கிராமத்துப் பாடசாலை மாணவனுக்கும் உரியது.

மாணவ நண்பர்களே, உங்களுக்கும் சில சொல்லவேண்டும். விற்பனை உங்கள் கல்விக்குத் தாழ்ந்த தொழிலன்று. அதற்கு வேண்டிய பயிற்சி உங்கள் கல்லூரிக்குள்ளேயே இருக்கின்றது. இத்தகைய மலர்களின் பின்பக்கங்களிலுள்ள விளம்பரங்கள் தாமாக வந்தவையல்ல. யாரோ ஒரு மாணவன் கடைகடையாக ஏறி, “நாளை வா” என்ற விடையைப் பலமுறை கேட்டு, நாளையும் சென்று, பணத்தையும் பெற்றுப் பற்றுச்சீட்டும் கொடுத்துக் கொணர்ந்தவை அவை. அம்மாணவன் தன் விண்ணப்பத்தில் முதல் வரியாக எழுதவேண்டியது அதுவே. நேர்முகப் பரீட்சையில் அவன் சொல்லத்தக்க உண்மைக் கதையும் அதுவே. சிங்களத்தைக் கற்றுக்கொள்ளுங்கள், ஆங்கிலத்தையும் கைவிடாதீர்கள். வேலையை ஏற்குமுன், சம்பளம் எவ்வளவு, இலக்கு எவ்வளவு, இதற்கு முன் அவ்விடத்தில் இருந்தவர் ஏன் விலகினார் என்று மரியாதையாகக் கேளுங்கள். தெரிவு இருவழிப்பட்டது, நீங்களும் அவர்களைத் தெரிகின்றீர்கள்.

பழைய மாணவர் சங்கத்துக்கு ஒரு வேண்டுகோளோடு இதனை முடிக்கின்றேன். சங்க உறுப்பினருட் பல கம்பனிகளின் முகாமையாளர் உளர். ஆண்டில் ஒருநாள், கல்லூரி மண்டபத்திலே, உயர்தர வகுப்பை முடித்தோரை அழைத்து, இங்கு கூறிய முறையில் வினாவியும் விற்கச் செய்தும் பார்த்து, ஒவ்வொருவனுக்கும் அவன் நிறை குறைகளை எழுத்திற் கொடுப்பாராயின், அது பல சிபார்சுக் கடிதங்களிலும் பெரிய உதவியாகும். அயற் பாடசாலைகளின் மாணவரையும் அந்நாளுக்கு அழைத்தல் எம் கல்லூரியின் பெருந்தன்மைக்கு ஏற்றது. பெரிய விழாக்களுக்குப் பொருள் திரட்டும் சங்கத்துக்கு இச்சிறு காரியம் அரிதன்று. வரும் ஆண்டிலேயே இது தொடங்குமாக.